ஆறு ஆம்பியரும் ஒரு கிழட்டுப் பூனையும்

ஆறு ஆம்பியர் மின்சாரத்தில் ஊருக்கே சமைத்துப் போட்டவள் நான். சரி, ஊர் என்பது மிகை. பன்னிரண்டு பேருக்குக் காபி.

எங்கள் ஃபிரீஸ்லாந்து ஏரிக்கரை விடுமுறை முகாமில் ஒரு கேரவன் வண்டிக்கு ஆறு ஆம்பியர்தான். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வாட். தாண்டினால் கம்பத்துப் பெட்டியில் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். பெட்டிச் சாவி டௌவேயின் கழுத்தில் தொங்கும். நாற்பது வருடம் தூர்வாரும் படகை ஓட்டிவிட்டு முகாமைப் பார்த்துக்கொள்ள வந்தவர். அவரிடமிருந்து பேச்சை வாங்குவது பல் பிடுங்குவது மாதிரி. ஒரு விதியை மட்டும் வாய் நிறையச் சொல்வார்: ஒரே கோடையில் மூன்று முறை சுவிட்சை விழவைத்தால், தண்ணீரோர இடத்தைக் காலி செய்துவிட்டுக் கழிப்பறைக்குப் பின்னால் போகவேண்டும்.

தண்ணீரோர இடம் இருபத்திரண்டு கோடைகளாக எங்களுடையது. அந்த ஜூலையில் ஏற்கெனவே இரண்டு முறை விழவைத்திருந்தேன். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் என்பதை யாரும் நினைவூட்ட வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஆஃப்கேவுக்கு எழுபதாவது பிறந்தநாள். கணக்குப் போட்டுத் தாளைக் கதவில் ஒட்டினேன். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும், பாய்லர் அணையும், காபி மெஷின் முடிந்த பிறகே அப்பம் சுடும் மின்சாரக் கல்.

"காபி குடிக்கவும் டைம்டேபிளா அண்ணி?" என்றாள் ஆஃப்கே.

நான்கு குடுவை காபி இறங்கியது. சுவிட்ச் அசையவில்லை. வட்டமாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே, மின்சாரத்தைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்பதுபோல் நின்றேன்.

"பாத்தீங்களா டௌவே?"

அவர் சர்க்கரை ரொட்டியை மென்றபடி கேரவனுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "பூனை ஏன் அங்க படுத்திருக்கு?"

முகாமின் கிழட்டுப் பூனை எங்கள் வயர் சுருள்மேல் சொக்கிக் கிடந்தது. கம்பத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரும் நாற்பது மீட்டர் வயரில் எங்களுக்கு வேண்டியது மூன்றே மீட்டர். மீதியை அழகாகச் சுற்றி வைத்திருந்தேன். புல்லில் வயர் பரந்து கிடந்தால் எனக்குப் பொறுக்காது.

டௌவே ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். சுருளைத் தொட்டேன், சுட்டது. உள்சுற்றுகள் இளகி ஒட்டத் தொடங்கியிருந்தன.

"டீச்சர், சுவிட்ச் ஆம்பியரத்தான் எண்ணும். சுத்தி வெச்ச வயரு உள்ள வேகுறது அதுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். பாடமே நடத்தியிருக்கேன்."

"பூனைக்கும் தெரிஞ்சிருக்கு அண்ணி," என்றாள் ஆஃப்கே.

டௌவே வேறு வயர் கொடுத்தார். பன்னிரண்டு பேரும் பார்க்க, முழங்காலில் தவழ்ந்து அதை முழுதாக அவிழ்த்து வேலியோரம் பரப்பினேன்.

"இது மூணாவது கணக்கா?" என்றேன், குரல் இறங்கி.

"சுவிட்ச் விழலையே. ரெண்டுதான்."

அதனால்தான் இன்றும் தண்ணீரோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்றாவது முறை விழவேயில்லை என்பதில் மட்டும் மிகையில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டியபோது, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த என் கணவர் ஹார்மன் கத்தியைக் கீழே வைத்தார்.

"விழுந்துச்சும்மா. அன்னிக்குக் காலைல நீ குளிக்கப் போனப்ப, பாய்லர் ஓடுதுன்னு பாக்காம கெட்டிலப் போட்டுட்டேன். டௌவே வந்து சத்தமில்லாம தூக்கி விட்டுட்டு, 'டீச்சர்கிட்ட சொல்லாதீங்க, பாவம், ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டிருக்காங்க'ன்னார்."