பிலோ டீச்சர் கொடுத்த நைந்த சட்டை

பூம்பாறை பஸ்ஸில் கொடைக்கானலுக்கு வந்துகொண்டிருந்தபோது தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். "பிலோ டீச்சர் போயிட்டாங்க." பக்கத்து சீட்டில் இருந்த பூண்டு மூட்டைமேல் தலையைச் சாய்த்து அழுதேன். கூடவே எரிச்சலும் வந்தது. இதிலும் என்னை முந்திக்கொண்டாரே!

நம் பள்ளி ஸ்டாஃப் ரூமில் கூடவே இருந்த உங்களுக்கு எங்கள் இருவரையும் தெரியும். அவர் கணக்கு, நான் தமிழ். பிள்ளைகள் அவரிடம்தான் ஒட்டிக்கொள்வார்கள். சரி, அதை விடுங்கள். ஒரே ஆண்டில் இருவருக்கும் மார்பில் புற்றுநோய் வந்தது. மதுரையில் ஒரே அறையில் தங்கிக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போனோம். சனி, ஞாயிறு மட்டும் மலைக்கு வருவோம். மதுரை ஆஸ்பத்திரியிலும் நர்ஸம்மா அவரைத்தான் மெச்சினார். "பாருங்க, தோலை எவ்வளவு பதமா வச்சிருக்காங்க!" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான நீரில் கழுவுவார், மெல்லிய துண்டால் ஒற்றுவார், டாக்டர் கொடுத்த களிம்பைத் தவிர எதையும் தடவமாட்டார். "தேய்க்காதீங்க டீச்சர், ஒத்துங்க. இது தோலு, கரும்பலகை இல்ல" என்பார்.

நான் கேட்டால்தானே! மலையில் நமக்குச் சளி, தலைவலி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் யூகலிப்டஸ் தைலம்தான். ஒரு ஞாயிறு, கதிர்வீச்சு பட்டுச் சிவந்து கிடந்த இடத்தில் அதைத் தடவி, குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டரையும் இறுக்கிப் போட்டுக்கொண்டேன். ஐயோ, அந்த எரிச்சல்! மறுநாள் தோல் உரிந்து நீர் கசிந்தது. புண் ஆறும்வரை சிகிச்சையை நிறுத்திவைத்தார் டாக்டர். பாதியில் நின்றால் பிழைப்பேனா என்று நடுங்கிப்போனேன்.

பிலோ திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தன் கணவருடைய பழைய பருத்திச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். துவைத்துத் துவைத்து நைந்தது. "இதப் போட்டுக்கிட்டு மேல ஸ்வெட்டரு போடுங்க. எங்கிட்ட இன்னொண்ணு கெடக்கு."

புண் ஆறியது, சிகிச்சையும் முடிந்தது. நான் பிழைத்துக் கிடக்கிறேன். தோலை அத்தனை பத்திரமாக வைத்திருந்தவருக்கு நோய் எலும்பில் திரும்பி வந்தது.

அடக்கம் முடிந்து அவர் கணவர் என்னிடம் வந்தார். "இன்னொண்ணெல்லாம் இல்லைங்க டீச்சர். அந்த ஒரு சட்டைதான் அவளுக்கு ஒத்துக்கிச்சு. ஏன் குடுத்தேன்னு கேட்டா, 'என் தோலு தாங்கும், அவுங்களுக்குத்தான் தாங்காது'ன்னா." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அது இருந்தாக் குடுங்க. அவ போட்டிருந்தது."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடவெல்லாம் வேண்டாம், என் தலையணைக்கடியில்தான் இருக்கிறது. தரமாட்டேன். அவருக்கு வீடு முழுக்க பிலோ. எனக்கு இது ஒன்றுதான்.