ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் கார்

கார் மெக்கானிக் வேலையில் பாதி, கண்ணை மூடிக்கொண்டு செய்வதுதான். சாவியைத் திருப்புவதற்கும் இன்ஜின் பிடிப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, அதைக் காதால்தான் பார்க்க முடியும். நீங்களும் பட்டிருப்பீர்கள். நேரமாகிற அன்றைக்குத்தான் வண்டி ‘ங்ர்… ங்ர்…’ என்று யோசிக்கும். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைக் கூப்பிடுவீர்கள். திருவரங்குளம் ரோட்டில் என் பட்டறை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பட்டப்பகலிலேயே ஒரு மயக்கம் வந்துவிடும். கோபமும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுருள் விளக்கு

வாத்தியார் ஒருவர் பழைய டீசல் கார் வைத்திருந்தார். மார்கழி வந்தால் போதும், தினமும் போன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாவியைப் போட்ட வேகத்தில் ஒரே திருப்பாகத் திருப்புகிறார். டீசல் வண்டிக்கு உள்ளே சூடேற வேண்டும், மீட்டரில் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும், அது அணைகிற வரைக்கும் கையைச் சும்மா வைத்திருங்கள் என்று எரிந்து விழுந்தேன். வாத்தியாரையே திட்டிவிட்டோமே என்று அப்புறம் சங்கடமாக இருந்தது.

பொங்கல் கழித்து வந்தார். பனிமூட்டத்தில் அந்த ஆரஞ்சு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம், தினமும். என்னிடம் சொன்னார்: “அந்த நாலு செகண்டுல என்னைய அறியாம ஒரு பெரிய மூச்சு விடுறேன் மெக்கானிக். வண்டிக்கு எப்படியோ, எனக்கு நல்லாருக்கு.”

துணி போர்த்திய கார்

எங்கள் தெருக் கலைச்செல்வியின் வீட்டுக்காரர் முருகேசன் குவைத்தில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் ஒரு மாதம்தான் ஊர். அந்த ஒரு மாதத்துக்காக வாங்கிய கார், மீதிப் பதினொரு மாதமும் வேப்பமரத்தடியில் உறை போட்டு நிற்கும். சீட்டில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூடக் கிழிக்கவில்லை. உறையைத் தூக்கினால் புதுப்பெண் மாதிரி இருக்கும்; சாவியைத் திருப்பினால் முக்கும், முனகும்.

பேட்டரி டெர்மினல் சுத்தமாக இருந்தது. கரண்ட் எங்கேயும் கசியவில்லை. பேட்டரியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன், மறுபடியும் இறங்கிவிட்டது. வண்டி வாங்கிய புதிதில், நிற்கிற வண்டியை வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணிவிடு தங்கச்சி என்று சொன்னவனும் நான்தான். எல்லா மெக்கானிக்கும் சொல்கிறதுதானே. நீ அதைச் செய்யவில்லை போலிருக்கிறது என்று சற்றுக் கடுப்பாகவே கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

“ஒரு வாரங்கூட விட்டதில்லண்ணே. நீங்க வேணா அவருகிட்டயே கேளுங்க.”

வெள்ளிக்கிழமை

மூன்றாம் தடவை பேட்டரியைக் கொண்டுபோய் மாட்டினேன். அது வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. மாட்டி முடிக்கவும் செல்விக்கு வீடியோ கால் வந்தது, முருகேசன். அங்கே அன்றைக்கு லீவு. செல்வி பானெட்டைத் திறந்தபடியே விட்டு, போனை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போய் ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் சீராக ஓடியது. போனில் பார்த்தேன், அந்த மனுஷர் அடுக்குக் கட்டிலில் படுத்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். செல்வி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. பழக்கதோஷம், நானும் கண்ணை மூடிவிட்டேன். ஒரு நிமிஷம். அப்புறம் அணைத்துவிட்டாள்.

எனக்கு விளங்கிவிட்டது, வாயும் சும்மா இருக்கவில்லை. ஸ்டார்ட் செய்ய பேட்டரி கொடுக்கிற சக்தியைத் திருப்பி ஏற்றிக்கொள்ள வண்டி அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட வேண்டும். ஒரு நிமிஷம் ஓட்டி அணைப்பது அதன் உயிரை வாராவாரம் கொஞ்சம் உறிஞ்சுகிற வேலை. நீங்கள் ஆசையாகக் கேட்டே இதைக் கொல்கிறீர்கள் என்று போனைப் பார்த்தே கத்தினேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அப்படியானால் இனிமேல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம், நாலு மாதத்தில் லீவுக்கு வரும்போது விற்றுவிடலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் ஏன்டா சொன்னோம் என்றாகிவிட்டது. செல்வி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இதக் கேக்கத்தாண்ணே வாராவாரம் கூப்புடுவாரு. இதுவும் போச்சுன்னா எங்களுக்குள்ள பேச என்ன இருக்கு?”

குளத்தூர் வரைக்கும்

இரண்டு நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. மூன்றாம் நாள் போய், அரைமணி நேரம் ஓட்டினால் போதும், நீயே ஓட்டக் கற்றுக்கொள் என்றேன். அவருக்குத் தெரிய வேண்டாம், வண்டியை எங்கேயாவது இடித்துவிட்டால் வம்பு என்று முதலில் பயந்தாள். அப்புறம் புதுக்கோட்டையில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸ் வாங்கியதும் வியாழக்கிழமை தவறாமல் குளத்தூர் வரைக்கும் போய்த் திரும்பினாள். ஜன்னலைத் திறந்துவிட்டால் தைலமரக் காட்டு வாசம் வண்டி முழுக்க வருதுண்ணே, வீட்டுக்குத் திரும்பவே மனசு வரலை என்பாள். சீட்டு பிளாஸ்டிக்கையும் கிழித்துவிட்டாள். கார் தொட்டதும் பிடித்தது.

முருகேசன் வருகிற அன்றைக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்குத் தனியாகவே ஓட்டிக்கொண்டு போனாள். மறுநாள் அவர் பட்டறை வாசலில் காரோடு வந்து நின்றார். அவரே ஓட்டி வரவில்லை, பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினார். விற்கத்தான் ஆள் கேட்கப்போகிறார், இல்லை, என்னைக் கேட்காமல் அவளை எப்படிக் கற்றுக்கொள்ளச் சொன்னாய் என்று சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்று ஸ்பானரைக் கீழே வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பானெட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

“ஏர்போர்ட்டுலேருந்து வீடு வர்ற வரைக்கும் அவதாண்ணே பேசுனா. ஒரு வாரம் கொடும்பாளூர் வரைக்குமே போயிருக்கா. வண்டி இருக்கட்டும். இனிமே வெள்ளிக்கிழமை கூப்புட்டா, இந்த வாரம் எங்க போனன்னுதான் கேக்கணும்.”

ஆக, உங்கள் வண்டி காலையில் தயங்கினால், கடைசியாக அது எப்போது ஊரைத் தாண்டிப் போனது என்று முதலில் யோசித்துப் பாருங்கள், அப்புறம் எனக்குப் போன் போடலாம், எப்படியும் நான் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவேன், ஏனென்றால் ஊர் வண்டியையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததில் என் வண்டி இன்று காலையும் தள்ளிவிட்டுத்தான் கிளம்பியது.