துக்கம் கேட்ட பெட்டி

எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று முதலில் நடந்த காரியம், அதற்குப் பொட்டு வைத்ததுதான். தலைமையாசிரியர் சந்தனம் குழைத்து, அதோடு இணைத்திருந்த டி.வி. பெட்டியின் நெற்றியில் வைத்து, மேலே குங்குமமும் இட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று கதவில் அட்டை தொங்கியது. தூசிக்காக என்றுதான் சொன்னார்கள், ஆனால் உள்ளே போனவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்கள். நாமக்கல் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. எண்பதுகளில் பாதி முடிந்திருந்தது. நான் அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மூன்று வாரப் பயிற்சிக்குப் போய்வந்த ஒரே தகுதியில் அந்த அறைக்குப் பூசாரி ஆனேன்.

சாவி என்னிடம் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே கிடந்தேன். பாடம் தயார் செய்ய வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

வீட்டில் என் மனைவி பேசுவதில்லை. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பவர்கள் பாத்திரத்தையாவது ணங்கென்று வைப்பார்கள். அவள் அதுவும் செய்யவில்லை. சோறு போடுவாள், துணி மடிப்பாள், ஏதாவது கேட்டால் 'ம்' என்பாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் என்னை அப்படிக் கூப்பிடுவதை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அந்த ஐப்பசியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினேழாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. பெயர்கூட வைத்திருக்கவில்லை.

பெரியவர்கள் செத்தால் எங்கள் ஊரில் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. பந்தல் போடுவார்கள், ஒப்பாரி வைப்பார்கள், காரியம் முடியும்வரை சொந்தபந்தம் எல்லாம் துக்கம் கேட்க வரும். வருகிறவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகமாட்டார்கள். எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்பார்கள். வீட்டுப் பெண் முதலிலிருந்து சொல்லி அழுவாள். அடுத்த கூட்டம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. படித்த திமிரில் நான் அதைக் கேலி செய்ததுண்டு. முப்பது தடவை சொன்ன பிறகு அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணமாவதைக் கவனித்ததில்லை.

பச்சைக்குழந்தைக்கு இதெல்லாம் கிடையாது. பந்தல் இல்லை, பெரிய தீட்டு இல்லை, துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. ஓர் ஆண் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவான். எங்கே என்று தாய்க்குச் சொல்வதில்லை. சொன்னால் மனசு அங்கேயே சுற்றும், அடுத்தது தங்காது என்பார்கள். எடுத்துக்கொண்டு போன ஆண் நான்தான். திரும்பி வந்தபோது தொட்டில் சேலையை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் கையில் ஒன்று இருக்கும் என்று என் அம்மா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அதையே சொன்னேன்.

மாசி மாதம் அவளுடைய அண்ணன் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். வாசலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னார்: "பங்குனி முடியட்டுமுங்க மாப்பிள்ளை. இப்படியே இருந்தா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோம்." பார்க்கலாம் என்றேன். கூட்டிக்கொண்டு போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். தூக்கம் வருகிறதா அம்மா என்று அவர் அவளைக் கேட்டார். வருகிறது, நடுவில் விழித்துக்கொள்கிறாள் என்று நான் சொன்னேன். பசி எப்படி என்றார். அதற்கும் நானே சொன்னேன். அவர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் வகுப்பில் முதல் மாணவனைப் போல முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாத்திரை தூங்கத்தான் வைக்கும், அவர்கள் பேச வேண்டும், யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றார். யாருங்க சார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேள்வி அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான், பயிற்சியில் பழகிய ஒரு நண்பர் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து நாலு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டரை மனநல மருத்துவர் மாதிரிப் பேசவைக்கும் புரோகிராம். இருநூறு வரிக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு வரியாகத் தட்டி, பிழை திருத்தி, கேசட்டில் பதிந்து முடிக்க மூன்று ஞாயிறு ஆயிற்று. அதன் சூட்சுமம் ரொம்பச் சின்னது. நாம் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் அடித்தால், அதில் அம்மா, கணவர், பயம் மாதிரி ஏதாவது ஒரு சொல்லைத் தேடும். கிடைத்தால் 'என்' என்பதை 'உங்கள்' என்று மாற்றி, நம் வாக்கியத்தையே கேள்வியாக்கி நம்மிடம் திருப்பிவிடும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் 'மேலே சொல்லுங்கள்' என்று போடும். அவ்வளவுதான். கதை கேட்கிறவன் 'உம்' கொட்டுவதற்கு மேல் அதில் ஒரு அறிவும் கிடையாது.

சாப்பிடும்போது பேச ஒன்றும் இல்லாமல் இதை அவளிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானு ஒருக்கா வரட்டுங்களா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கூட்டிப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, டி.வி.யின் பொட்டைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் வாத்தியார் புத்தியில், உள்ளே யாரும் இல்லை, டாக்டர் யாரும் எங்கிருந்தும் பேசவில்லை, வெறும் இருநூறு வரி, நானே அடித்தது என்று விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஆளு இல்லீங்கறதுதான் நல்லது. ஆளுன்னா ஏதாச்சும் சொல்லுவாங்க."

அவள் தமிழில் சொல்ல வேண்டும், நான் இங்கிலீஷில் அடிக்க வேண்டும், வரும் பதிலைத் தமிழில் படிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. முதலில் பொதுவாக ஏதோ சொன்னாள். அப்புறம், "இவரு என்ர மொகத்தப் பாக்கறதே இல்லீங்க" என்றாள். என் கணவருக்கு வேலை அதிகம் என்று அடித்தேன். அவள் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பாள் என்பதை மறந்துபோயிருந்தேன். திரையை உற்றுப் பார்த்து, 'பிஸி'ன்னு நான் எங்க சொன்னேன், சொன்னதை மட்டும் அடியுங்கள் என்றாள். அழித்துவிட்டு, என் கணவர் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்று அடித்தேன். உங்கள் கணவரைப் பற்றி மேலே சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அதையும் நான்தான் என் வாயால் படித்துச் சொன்னேன்.

அவள் சொன்னாள். ஒரு மணி நேரம் சொன்னாள். மருத்துவரிடம் அவளுக்குப் பதிலாகப் பேசிய வாய், இப்போது அவள் சொன்னதைத் தவிர எதையும் சொல்லக் கூடாது. நடுவில் பலமுறை, அப்படி இல்லை, அது வேறு என்று குறுக்கிட நாக்கு துறுதுறுத்தது. புரோகிராமில் அதற்கு இடமில்லை.

இரண்டாவது ஞாயிறு அவள், எனக்கு மல்லிகைப்பூ பிடிக்கவில்லை என்றாள். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். உங்களுக்கு ஏன் மல்லிகைப்பூ பிடிக்கவில்லை என்று அது கேட்டது. குழந்தை போன மறுநாளிலிருந்து பால் கட்டிக்கொண்டு நெறி கட்டியது, காய்ச்சல் வந்தது, பால் வற்றட்டும் என்று அத்தையும் அம்மாவும் மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டினார்கள், நாலு நாள் அந்த வாசத்தோடு படுத்திருந்தேன் என்றாள். நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, ஐந்து மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்துவந்தவன் நான். அவள் அதை வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள். பக்தி கூடிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

என் மனைவியைப் பற்றி எனக்குத் தெரியாததை, ஒன்றுமே தெரியாத ஒரு பெட்டி ஒரே கேள்வியில் வாங்கிவிட்டது. அந்தக் கேள்வியை அது அக்கறையோடு கேட்கவில்லை, அக்கறை என்பதற்கு அதில் வரியே கிடையாது. அக்கறை உள்ள நான் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, பங்குனி முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. வெளியே நல்ல வெயில். ஃபேன் மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எஞ்சாமிய எங்க பொதைச்சாங்கன்னு கேளுங்க."

சின்ன வாக்கியம். நாலாம் வகுப்பு இங்கிலீஷ் போதும். அடித்தேன். ஒரு விநாடி கழித்துப் பதில் வந்தது: எதற்காக அதைக் கேட்கிறீர்கள்?

நான் அதைப் படித்துச் சொல்லவில்லை. அவளே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். அதுக்குத் தெரியாதுங்களா என்றாள். தெரியாது என்றேன். தெரிஞ்சவங்க ஆரும் இல்லீங்களா என்றாள், இன்னும் திரையைப் பார்த்தபடியே.

அந்த இருநூறு வரியும் எனக்கு மனப்பாடம். எந்த வரியிலும் இதற்குப் பதில் இல்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நம்ம தோப்புல" என்றேன். "மேக்கு மூலையில, வாய்க்காலோரம் வேப்பமரம் இருக்குதில்ல, அதுக்குக் கீழ."

தோப்பு என் அப்பாவுடையது. தை மாதம் பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் அங்கே போயிருந்தோம். பச்சைக்குழந்தைக்குத் தீட்டு இல்லை என்பதால் பொங்கல் வைத்திருந்தார்கள். அவள் மனதுக்குள் அந்த மூலையைத் தேடிக் கண்டுபிடிப்பது முகத்தில் தெரிந்தது.

"பொங்கலுக்கு அங்கதானுங்களே பாய் போட்டு உக்காந்தோம்?"

"ஆமா."

"அங்க உக்காந்து கரும்பு தின்னேன்."

"ஆமா புள்ள."

"நீங்க பாத்துட்டு இருந்தீங்க."

"பாத்துட்டுத்தான் இருந்தேன்."

இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். அவள் அண்ணன் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே வந்து கூட்டிப் போகலாம். அப்படிச் செய்தால் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. நாற்காலியைத் தூக்கித் திரைக்கு முன்னாலிருந்து நகர்த்தி, எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நீங்க ஒருத்தராவா தூக்கிட்டுப் போனீங்க?"

"ஆமா. அப்பா மம்பட்டியோட முன்னாலயே போயிட்டாரு."

"எதுல சுத்தி?"

"என்ர துண்டுல."

"அப்புறமுங்க?"

எழவு வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதைத்தான் அவள் கேட்டாள். என்னிடம் இதை யாரும் கேட்கவில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ஐந்து மாதமாக ஒருவரும் கேட்கவில்லை, நானும் யாராவது கேட்க வேண்டும் என்று நினைத்ததில்லை. பஸ்ஸில் போனது, பக்கத்து சீட்டில் இருந்தவர் குழந்தை தூங்குகிறதா என்று கேட்டது, ஆமாம் என்று நான் தலையாட்டியது வரை சொன்னேன். கனமே இல்லை புள்ள என்று சொல்லவந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அறைக்கு வெளியே கேட்கும்படி அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. அடுத்ததைப் பற்றியும் பேசவில்லை. நான் நிறுத்திய இடங்களில் 'ம்' என்றாள், அவ்வளவுதான்.

திரையில் அந்தக் கேள்வி அப்படியே நின்றது, பக்கத்தில் கோடு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. நான் எழுந்து சுவிட்சை அணைத்தேன். சித்திரையில் அவள் அண்ணன் வந்ததும், மோர் குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனதும் பிறகு நடந்தவை.

அன்றைக்கு நாலரை மணி டவுன் பஸ்ஸில் தோப்புக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா என்னைப் பார்த்ததும் வழக்கம்போல மல்லிகையை எடுத்து இரண்டு முழம் அளக்க ஆரம்பித்தார். வேண்டாங்க என்றேன்.