என் மகளின் கையால் விழுந்த குட்டு

தெரிந்த பதிலைத் தெரியாது என்று சொல்லும்படி பெற்ற பிள்ளைக்கு ஒரு தாய் சொல்லிக்கொடுக்கலாமா? ஒரு வருடமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் அதில் என்ன தப்பு என்று தோன்றுகிறது. மறுநாளே, அப்படிச் சொன்னதால்தானே எல்லாம் வந்தது என்று தோன்றுகிறது.

போன வருடம் ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் நடந்தது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். என் கணவர் உத்திரமேரூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறார். கொஞ்சம் நிலமும் உண்டு. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். ஒரே மகள் அப்போதுதான் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தாள்.

ஆறாம் வகுப்பு ஆங்கில வாத்தியார் தினமும் கரும்பலகையில் சில சொற்கூட்டங்களை எழுதிப்போடுவார். 'இன் ஃப்ரண்ட் ஆஃப்', 'பிகாஸ் ஆஃப்', 'இன்ஸ்டெட் ஆஃப்' என்று இருக்கும். பக்கத்தில் தமிழில் அர்த்தம் இருக்கும். மறுநாள் பிள்ளைகள் அவற்றை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொந்தமாகச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று மட்டும் சொல்லித்தர மாட்டார். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி அர்த்தத்தை உருப்போட்டுக்கொண்டு போய் நிற்பார்கள்.

என் மகளும் முதல் நாள் அழுதுகொண்டுதான் வந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். நாம் 'வீட்டுக்கு முன்னால்' என்கிறோம். வீடு முதலில் வருகிறது, 'முன்னால்' பின்னால் வருகிறது. அவர்களுக்குத் தலைகீழ், 'இன் ஃப்ரண்ட் ஆஃப்' முதலில் வந்துவிடும், வீடு அப்புறம். 'பிகாஸ் ஆஃப்' என்று சொன்னால் அதற்குப் பின்னால் மழை, காய்ச்சல் என்று ஒரு பெயரை வைத்தால் போதும். மழை பெய்தது என்று முழுக்கதையையும் வைக்கக் கூடாது. பெயரோடு சேர்ந்த அந்தக் கூட்டத்தை வாக்கியத்தின் தலையிலும் வைக்கலாம், வாலிலும் வைக்கலாம், நடுவில் பிரிக்கத்தான் கூடாது. நாற்றுக்கட்டைப் பிரிக்காமல் இந்த வரப்பிலும் வைக்கலாம், அந்த வரப்பிலும் வைக்கலாம் இல்லையா, அந்த மாதிரி என்றேன். டக்கென்று பிடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வகுப்பில் அவள்தான் சரியாகச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் சோற்றுத் தூக்கு பாதி சாப்பாட்டோடு திரும்பி வர ஆரம்பித்தது. கேட்டால், பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்றாள். நன்றாகப் படிக்கிற பெண் மீது மற்றதுகளுக்குப் பொறாமை என்று நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அவளுடைய தோழியின் அம்மா வந்தாள். எங்கள் நிலத்தில் நடவுக்கு வருகிறவள். எப்போதும் யக்கா என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு ஒரு முறையும் சொல்லவில்லை. மகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தி, தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள்.

"இதப் பாரு. கட்டி ஒடஞ்சி ரத்தம் காஞ்சி கீது. யார் குட்டினதுன்னு உன் பொண்ணயே கூப்ட்டுக் கேளு."

வெயிலுக்கு வந்த கட்டி. அதைச் சுற்றிலும் வீங்கியிருந்தது. நான் என் மகளைக் கூப்பிட்டேன். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வரவே இல்லை. தோழிதான் பேசினாள்.

"அவ மெதுவாத்தான் குட்டினா, அத்த. அதுக்கு சார் கோச்சிக்கினாரு."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பதில் தெரியாதவர்கள் வரிசையாக எழுந்து நிற்க வேண்டும். சரியாகச் சொன்ன பிள்ளை போய் ஒவ்வொருவர் தலையிலும் குட்ட வேண்டும். இது அவருடைய வகுப்பு வழக்கம். மெதுவாகக் குட்டினால் குட்டுகிற பிள்ளைக்கே குட்டு விழும். அன்றைக்கு என் மகள் தோழியின் தலையைத் தொட்டதும் தொடாததுமாகக் கையை எடுத்திருக்கிறாள். வாத்தியார் இறங்கிவந்து, என் மகளின் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையாலேயே ஓங்கிக் குட்டியிருக்கிறார். கட்டி உடைந்துவிட்டது.

அடிக்கிற வாத்தியார்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் குழந்தையின் கையை எடுத்து இன்னொரு குழந்தையை அடிக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

"நாளையிலேந்து இவ இஸ்கூலுக்கு வர்ல. என்னோட களை எடுக்க வரட்டும். ரத்தம் பாத்துத்தான் இங்கிலீசு வரும்னா எங்களுக்கு வேணாம்" என்றாள் அந்த அம்மா.

நான் கெஞ்சினேன். பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே அனுப்பு, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லித்தருகிறேன், பதில் தெரிந்துவிட்டால் குட்டு விழாது என்றேன்.

"சரி, அனுப்பறேன். இன்னொரு தபா தலைல கை பட்டுச்சின்னா அதோட தீந்துது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று கணவரிடம், வாத்தியாரைப் போய்க் கேட்கிறேன் என்றேன். "வம்பு வெச்சிக்கினு வராத. பொண்ணு மார்க்கு அவர் கைல கீது" என்றார். வீட்டுக்காரர் பேச்சை மீறிப் பழக்கமில்லை. போகவில்லை.

தோழி தினமும் வந்தாள். நல்ல மூளை. அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். நான் மாவரைக்கும்போது உரலைச் சுற்றி உட்கார்ந்து, "இன்ஸ்டெட் ஆஃப் ரைஸ், வி ஈட் கூழ்" என்று ஒருத்தி சொல்ல, "உங்க வூட்ல அதானடி தெனம்" என்று இன்னொருத்தி சொல்ல, ஒரே சிரிப்பாக இருக்கும். பாடத்தில் இன்னும் வராததைக்கூட ஆசையில் சொல்லிக்கொடுத்தேன். அப்படித்தான் ஒரு நாள், மற்றவர்கள் போன பிறகு, 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பதை என் மகளுக்குச் சொன்னேன். மழை பெய்தும் போனாள் என்று நமக்கு ஒரு 'உம்' போதும், அவர்களுக்கு அதற்கு மூன்று சொல் வேண்டியிருக்கிறது என்று.

அன்று படுக்கும்போது என் மகள் கேட்டாள். "எனக்கு மட்டும் தெரிஞ்சி மத்தவங்களுக்குத் தெரியலன்னா இன்னாம்மா பண்றது?" நான் யோசிக்கவே இல்லை. "தெரியாதுன்னு சொல்லிடு. நீ யாரையும் குட்ட வேணாம்" என்று சொன்னேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், வாத்தியார் கேட்ட பிள்ளைகள் எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். குட்டுவதற்கு ஒரு தலைகூட இல்லை. வேறு எந்த வாத்தியாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார். இவருக்கு அது பொறுக்கவில்லை. "ஓகோ, எல்லாரும் மேதாவி ஆயிட்டீங்களா" என்று சொல்லி, நடத்தவே நடத்தாத 'இன் ஸ்பைட் ஆஃப்'பை எடுத்துக் கேட்டிருக்கிறார். வகுப்பே எழுந்து நின்றது. கடைசியில் என் மகளைக் கேட்டார். அவள் நான் சொன்னபடியே, "தெரியாது சார்" என்றாள்.

யாருக்குமே தெரியாவிட்டால் வாத்தியாரே குட்டுவார். இது எனக்குத் தெரியாது. குழந்தைகள் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாத புண்ணின் மேலேயே அந்தத் தோழிக்கு மறுபடி விழுந்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாத்தியார் சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

"வாங்கம்மா. நல்லாப் படிக்கிற பொண்ணு. திடீர்னு இன்னா ஆச்சி அதுக்கு?"

"நடத்தாத பாடத்தக் கேட்டுக் குட்டினீங்களாமே, சார்."

"குட்டுப் பட்டாத்தாம்மா ஏறும். நானும் வாங்கினவன்தான். வாங்கினதாலதான் இந்த நாற்காலில உக்காந்துகினு கீறேன்."

"குட்டறதுக்கு உங்க கை இல்லையா? எம் பொண்ணு கைய எதுக்கு எடுத்தீங்க?"

அவர் முகம் மாறியது. தலைமையாசிரியர் பக்கத்து அறையிலிருந்து வந்து, சின்ன விஷயம், பெரிசு பண்ணாதீங்க என்றார். வாத்தியார் ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

"சரிம்மா. நீங்க படிச்சவங்க, வந்து கேக்கறீங்க. உங்க பொண்ண விட்டுடறேன். அது குட்டவும் வேணாம், குட்டு வாங்கவும் வேணாம். போதுமா?"

"மத்த புள்ளைங்க?"

"அவங்க வூட்ல யாரும் வந்து கேக்கலியே."

என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. களை எடுக்கப் போனால்தான் அன்றைய கூலி என்று இருக்கிறவள் எப்படி வந்து இவர் முன்னால் நிற்பாள்? வந்தாலும் உட்காரச் சொல்வாரா? இதையெல்லாம் கேட்க நினைத்தேன். "எம் பொண்ணுக்கு மட்டும்னா எனக்கு வேணாம்" என்று ஒன்றைத்தான் சொன்னேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்னபடியே என் மகளை விட்டுவிட்டார். கேள்வியே கேட்பதில்லை. அவள் கை தூக்கினாலும் பார்ப்பதில்லை. வருடம் முழுவதும் வகுப்பில் பெஞ்சோடு பெஞ்சாக உட்கார்ந்துவிட்டு வந்தாள். மற்ற தலைகளில் குட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. குட்டுவதற்கு வேறொரு பெண் கிடைத்துவிட்டாள்.

தோழியின் அம்மாவை மறுபடி எங்கள் பம்புசெட் பக்கம் பார்த்தேன். அந்தப் பெண்ணும் தலையில் துணி கட்டிக்கொண்டு, குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் வாத்தியாரிடம் பேசிவிட்டு வந்ததைச் சொன்னேன்.

"உன் பொண்ணு தலைல இனிமே கை வெக்க மாட்டாரு. செரி. என் பொண்ணு தலைல?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. அவள் நின்று பார்த்துவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்ந்தாள்.

தெரியாது என்று சொல்லச் சொன்னது நான்தான். ஆனால் தெரிந்தால் அடிக்க வேண்டும், தெரியாவிட்டால் அடிபட வேண்டும் என்று ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு, அதற்குப் படிப்பு என்று பெயர் சொல்கிறவர் இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த ஆனியில் பள்ளிக்கூடம் மறுபடி திறக்கப்போகிறது. அந்தப் பெண்ணை ஆறாம் வகுப்பில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொல்கிறார். அதே வகுப்பு, அதே வாத்தியார். இன்னும் ஒரு வருடம் போனால் அவள் வரவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதற்குள் அவள் அம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும். உன் மகள் தலையில் கை படாது என்று பொய் சொல்லி அழைத்துவரவா? பட்டாலும் பரவாயில்லை, படிக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? இல்லை, அந்தக் குட்டையே நிறுத்த என்னைப் போன்ற ஒருத்தியால் முடிகிற வழி ஏதாவது இருக்கிறதா? பிள்ளைகளைப் பெற்றவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் இதைப் படிப்பீர்கள். அந்தத் தாயிடம் போய் நான் என்ன சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.