சிமெண்ட் பூசிய அவெலினோ

என் தங்கை ருஃபினா எதைப் பார்த்து இந்த அவெலினோவைக் கட்டிக்கொண்டாளோ, எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. மண்வீடுகளாலான எங்கள் பியூப்லோ கிராமத்தில் வசந்தம் வந்தால் ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வாய்க்காலைத் தூர்வார இறங்குவார்கள். அன்றைக்கென்று பார்த்து அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். சாயங்காலச் சீட்டாட்டத்துக்குள் சரியாகிவிடும்.

வீடு அவனுடையது அல்ல. எங்கள் ஊரில் வீடு பெண்களுக்குத்தான். அம்மா அதை ருஃபினாவுக்குக் கொடுத்தாள். வருடா வருடம் ஊர்த் திருநாளுக்கு முன்னால் பெண்கள் கூடி வீடு வீடாகப் போய், மண்ணும் வைக்கோலும் குழைத்து, சுவர்களில் கையால் பூசுவோம். குழைக்கும்போது ஒரு சிட்டிகை சோளமாவு போடுவோம். வீட்டுக்கும் உயிர் உண்டு, அதற்கும் பசிக்கும். இதற்கு மேல் வெளியில் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

அவெலினோவுக்கு இதெல்லாம் இளக்காரம். அல்புகர்க்கி நகரத்தில் கொஞ்ச நாள் கட்டட வேலை பார்த்த மேதாவி அல்லவா!

“வருஷா வருஷம் சேத்தப் பூசிக்கிட்டு! ஒரு தடவ சிமெண்ட் அடிச்சா என் பேரன் காலம் வரைக்கும் நிக்கும் மதினி.”

“செவுரு மூச்சு விட வேணாமா?” என்றேன்.

“மூச்சு விடுதாம்! மூக்கு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்.”

அவனே சொல்லி அவனே சிரித்தான். ருஃபினா அவன் பேச்சுக்குத் தலையாட்டினாள். அந்தக் கோபம் எனக்கு அவள்மேல் இன்னும் உண்டு.

சிமெண்ட் வாங்கி வந்து வெளிச்சுவர் முழுக்கப் பூசி முடித்ததும் ஊரைக் கூட்டிக் காட்டினான். அந்த வருடம் எங்கள் கை அந்த வீட்டில் படவில்லை. பனிக்காலத்தில் கூரையிலிருந்து இறங்கிய ஈரம் சுவருக்குள் போனது. வெளியே வர வழியில்லை. மேலே வழவழவென்று சிமெண்ட், உள்ளே மண் ஊறிக்கொண்டே இருந்தது.

கோடையில் ருஃபினா ஓடி வந்தாள். “அக்கா, அடுப்படியில ஈர நாத்தம் அடிக்குது. செவுத்துல கை வெச்சா சில்லுனு இருக்கு. திருநாளுக்கு ஊரே வருமே, கதவத் திறக்காம இருக்க முடியுமா?”

திருநாளில் கதவு மூடிய வீடு எங்கள் ஊரில் கிடையாது. முகம் தெரியாதவர் வந்தாலும் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும். அம்மா ஒரு வருடம்கூட அதைத் தவறவிட்டதில்லை.

“சிமெண்ட ஒடச்சு எடுத்துடுய்யா, செவுரு காஞ்சிடும்” என்று ருஃபினா புருஷனிடம் கெஞ்சினாள்.

“உங்கக்கா சொல்லிக் குடுத்தாளா? என் வேலையில எவளும் கை வெக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

திருநாள் நெருங்கும்போது பெய்த மழையில் மேற்குச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, யாரும் அந்தப் பக்கம் இல்லை. ஊரே திரண்டு வந்தது. தங்கள் வீட்டுக்கென்று காயவைத்திருந்த மண்கற்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் ருஃபினாவுக்காக, அவனுக்காக என்றால் ஒரு கூழாங்கல்கூட வந்திருக்காது. சுவரை எழுப்பி நாங்கள் மண் பூசிக்கொண்டிருக்க, அவன் ஓரமாக நின்று தீர்ப்புச் சொன்னான்.

“மட்டமான சிமெண்டக் குடுத்து ஏமாத்திட்டானுங்க. அடுத்த தடவ நல்லதா வாங்கி அடிச்சிடலாம்.”

ருஃபினா சேற்றுக் கையோடு உள்ளே போனாள். அவனுடைய பூட்ஸ், சட்டைகள், சேணம் எல்லாவற்றையும் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்தாள். எங்கள் ஊரில் அப்படி வைத்தால் கல்யாணம் முறிந்தது என்று அர்த்தம், பெண்கள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவன் அள்ளிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

திருநாளன்று வெட்கமே இல்லாமல் வந்து நின்றான். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். ருஃபினா அவனை மேசையில் உட்காரவைத்தாள். சிவப்பு மிளகாய்க் குழம்பு ஊற்றி, ரொட்டி வைத்து, எல்லோரையும் கேட்பதுபோல “இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்று கேட்டாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. நிதானமாகத் தின்று முடித்து, சாய்ந்துகொண்டு காலை நீட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ருஃபினா அவன் தட்டை எடுத்தாள்.

“சாப்ட்டாச்சுன்னா எந்திரிங்க. வாசல்ல ஆளுங்க காத்திருக்காங்க.”