பெரட்டில் என் பெயர்

வளர்ச்சிக் கொள்கை படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் லயத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. லயம் என்றால் எஸ்டேட்டின் வரிசை வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. பக்கத்துக் காம்பரா அக்கா, "டாக்டருக்கா, டீச்சருக்கா, அதச் சொல்லு புள்ள" என்றாள். இரண்டுக்கும் இல்லை, முதல் வருடம் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம், அடுத்த வருடம் கிழக்காசியாவில் இன்னொன்று, முடிவில் இரண்டு முதுகலைப் பட்டம், செலவெல்லாம் உதவித்தொகை என்று விளக்கினேன். "ஒரே படிப்புக்கு ரெண்டு நாடு, ரெண்டு பட்டமா? எவனோ ஒன்ன நல்லா ஏமாத்துறான்" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

இரண்டு வருடங்களுக்கும் நடுவில் கள ஆய்வுக்கென்று நீண்ட விடுமுறை உண்டு. உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கூடப் படித்தவர்கள் ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்று மூட்டை கட்டினார்கள். நான் எங்கள் எஸ்டேட் இருக்கும் சேரம்பாடிக்குக் கிளம்பினேன். சொந்த மண்ணை ஆராயும் துணிச்சல் என்று பேராசிரியர் பாராட்டினார். எனக்கு அம்மா கையால் சோறு தின்ன வேண்டும், அவ்வளவுதான் துணிச்சல்.

வீடுகளைப் பற்றித்தான் ஆய்வு. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் காம்பரா. ஓய்வு பெற்றால் அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் பேர் பதிந்து வேலைக்கு வர வேண்டும். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். காலி செய்துவிட்டு எங்கே போவது? எங்கள் ஆட்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். சொந்த ஊர் என்று ஒன்று தாளில் எழுதியிருக்கும். அங்கே போய் நின்றால் யாரென்று கேட்பார்கள். அதுவும் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். பாக்டரி ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. பையன்கள் எல்லாரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இறங்கிவிட்டார்கள், என் அண்ணனும்தான். செத்தாலும் திரும்பி வந்து தேயிலைக்கு மருந்தடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அப்பா இல்லை. நான் வெளிநாட்டில். அந்த வருடத்தில்தான் அம்மாவுக்கு ஓய்வு வயது வந்தது.

"வீடு என்னாச்சும்மா?" என்று போனில் கேட்பேன். "தொரை நல்லவரு. இருந்துக்கச் சொல்லிட்டாரு. நீ வேளைக்குச் சாப்பிடு" என்பாள். துரை என்றால் எஸ்டேட் மேனேஜர். நானும் நம்பினேன். உலகத்தில் ஒரு நல்ல துரை கூடவா இருக்க மாட்டார்?

ஊருக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை எழுந்தபோது அம்மா இல்லை. விறகுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். காலையில் ஆட்களின் பேரைக் கூப்பிட்டு எந்த மலைக்கு யார் என்று பிரித்துவிடுவதுதான் பெரட்டு. இலங்கையிலிருந்து கொண்டுவந்த சொல்லை எங்கள் ஆட்கள் இன்னும் விடவில்லை. ஒரே பனிமூட்டம். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஆய்வாளர் அல்லவா, நான் தொந்தரவு செய்யாமல் மருந்துக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

சூப்பர்வைசர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். நடுவில் என் பேரைக் கூப்பிட்டார். அப்பாவின் இனிஷியலோடு, சான்றிதழில் இருக்கிற மாதிரியே. என்னைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஓரடி முன்னால் வைத்தேன்.

"இருக்கேங்க" என்று கூட்டத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. அம்மாவின் குரல்.

எடுத்து வைத்த அடியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் அடுத்த பேருக்குப் போய்விட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. தினமும் நடக்கிற காரியம் என்பது அதிலேயே தெரிந்தது. நான் பனி நாட்டில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து உழைப்புச் சந்தை பற்றிக் குறிப்பெடுத்த காலம் பூராவும், இங்கே நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெண்கள் மலையேறிய பிறகு சூப்பர்வைசர் என்னைப் பார்த்துவிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து தெரியும். "ஏனுங்க, எப்ப வந்தீங்க?" என்றார். நான் அவர் கையிலிருந்த பேர்ப் பட்டியலைப் பார்த்தேன். "பெருசு பண்ணிராதீங்க. எனக்கு ஆளில்லீங்க, அம்மாவுக்கு ஊடு வேணுமுங்க. எல்லாத்துக்கும் தெரியும். காட்டிக்கறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டே நடந்தார்.

சாயங்காலம் அம்மா கூடையை இறக்குவதற்குள் பிடித்துக்கொண்டேன். "என்னம்மா இது?"

"என்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? விசாவுக்குக் காத்திருந்தப்ப ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன்ல. அன்னிக்குத்தான் ஒம் பேரப் பதிஞ்சேன்."

"பி.எஃப்.புக்கு வாரிசுன்னு சொன்ன."

"சொல்லலேன்னா நீ கையெழுத்து வச்சிருப்பியா?"

"மாட்டினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"நீ ஒரு ஆளு ரெண்டு பட்டம் வாங்கலாம், நான் ஒரு ஆளு ரெண்டு பேருல வேல பாக்கக் கூடாதா? போ, தண்ணி சுட வை."

கோபத்தில் கூடையைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓய்வு பெற்ற உடம்பு அது. கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த தடம் அப்படியே இருந்தது. போனில் ஒவ்வொரு முறையும் நான் சாப்பிட்டேனா என்று கேட்டவளிடம், நீ இன்றைக்கு என்ன செய்தாய் என்று நான் கேட்டதில்லை.

இந்த அதிர்ச்சியே தெளியாதபோது அடுத்தது வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறாராம். ஒவ்வொரு பேரையும் கூப்பிட்டு ஆளை நேரில் பார்ப்பாராம். ஆளில்லாத பேரை அடித்துவிடுவார்களாம். பேர் போனால் காம்பரா போகும். அம்மா தட்டில் போட்ட சோற்றைத் தொடவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"நான் போறேன்" என்றேன்.

"ஒனக்கு மட்டம் வராதே" என்றாள். செடிகளின் மேல்பரப்பு சமமாக நிற்கும்படி பறிப்பதுதான் மட்டம். சின்ன வயதில் லீவு நாட்களில் பறித்ததோடு சரி. அம்மா சொன்னது உண்மைதான்.

அதிகாரி வந்த அன்று பக்கத்துக் காம்பரா அக்காதான் காப்பாற்றினாள். மலையில் தனக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் என்னை நிற்க வைத்துக்கொண்டாள். புது ஆளுக்கு அப்படித்தான் செய்வார்கள். இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுக்கொண்டே போவார்கள். காலைப் பெரட்டில் என் பேருக்கு நானே பதில் சொன்னேன். அதிகாரி பின்னாலேயே மலைக்கு வந்தார். முரடரெல்லாம் இல்லை, அமைதியான மனிதர்.

"எத்தனாவது படிச்சிருக்கம்மா?"

"ஒம்பதாவது பெயிலு சார்."

அக்கா சிரிப்பை அடக்க இருமினாள். "பரவால்ல, சின்ன வயசுதானே" என்று அவர் ஆறுதல் சொன்னார். பிறகு பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் ஆங்கிலத்துக்கு மாறினார். இந்த மலையில் இனி செடிகளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம். யாரையும் வெளியேற்ற வேண்டாம், வம்பு வரும். வீடுகளை ரிப்பேர் செய்வதை நிறுத்தினால் போதும், தண்ணீர் பைப்பையும் பார்க்க வேண்டாம். வயதானவர்கள் பிள்ளைகளோடு போவார்கள். லயம் காலியானதும் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் கட்டலாம். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இந்தப் பெண்ணைப் போன்றவர்கள் ஒரு வருடத்தில் தாங்களாகவே போய்விடுவார்கள், பாருங்கள்" என்றார்.

நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் புரிந்துவிட்டது என்று தெரிந்துவிடும். அவர் பேசிய பேச்சு எனக்குப் பழக்கமானது. முதல் வருடம் வகுப்பில் அதற்கு மரியாதையான பெயர்கள் இருந்தன, வரைபடங்கள் இருந்தன. நானே அதைப் பற்றி மேடையேறிப் பேசியிருக்கிறேன். என்னைக் கை காட்டி ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். கொழுந்தை விட்டு முற்றல் இலையாகப் பிய்த்துப் போட்டேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "பேரு நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா."

மாரியம்மன் கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அதற்குள் அக்கா என்னமோ சொல்லியிருக்கிறாள். "இங்கிலீசுல பேசினாராமே. என்னா சொன்னாரு?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஒரு வருடமாக அவள் எனக்குச் சொன்ன பொய் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மலையை விடப் போவதை, பைப்பை, காட்டேஜை. என்னைக் காட்டிச் சொன்னதையும் சொன்னேன். அம்மா வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். சுற்றிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, ஓர் அறைதான்.

"நீ எப்ப பிளேன் ஏறணும்?"

"அடுத்த மாசம்."

"அதுவரைக்கும் நீயே பெரட்டுக்குப் போறியா?" என்று கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "முட்டி ரெண்டும் உசுரு போவுது புள்ள. யாருகிட்டயும் சொல்லல."