ஒரு பள்ளிக்கு ஒரே முறை

ரஹ்மத்துல்லா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது மிகக் குறைவு. கல்பாக்கம் பேருந்து நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தால், வந்து என் பக்கத்தில் உட்கார மாட்டார். டீக்கடை வரை போவார், நேரப் பலகையைப் படிப்பார், திரும்பி வந்து, "கெளம்பலாமா சார்?" என்பார். பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருக்கும்.

வயது ஐம்பத்தெட்டு. ஊர் சதுரங்கப்பட்டினம். செங்கல்பட்டில் நாங்கள் சிலர் நடத்தும் பிராணிகள் நலச் சங்கத்துக்காகப் பள்ளிகளுக்குப் போய், வீட்டுப் பிராணிகளை எப்படிக் கவனிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். சங்கத்தின் பதிவேடு என் பொறுப்பு.

அவர் எங்களிடம் வந்தது ஒரு வெறிநோய்த் தடுப்பூசி முகாமில். வேடிக்கை பார்க்க வந்தவர், மூன்று பேரைக் கீறிவிட்டுத் திமிறிய பூனையை வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். அது அடங்கிவிட்டது. பிள்ளைகளிடம் பேசுவீர்களா என்று கேட்டு, படிவத்தை எடுத்தேன். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்ற இடத்தில் பேனா நின்றது.

"ஸ்கூல் வாசல்ல கலர் கோழிக்குஞ்சு வித்தேன் சார். பத்தொம்பது வருஷம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத எழுதாதீங்க" என்றார்.

'கோழி வளர்ப்பு' என்று எழுதினேன். நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

நன்றாகப் பேசினார். தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிடும் சத்தத்தை அவர் எழுப்பினால் வகுப்பே எழுந்து நிற்கும். 2022 ஜூன் முதல் 2025 ஜூலை 16 வரை நாற்பத்தேழு பேச்சுகள், நாற்பத்தேழு பள்ளிகள். ஒன்பது பள்ளிகள் மறுபடி அழைத்தன. ஒன்பதையும் மறுத்தார். மூட்டுவலி, மச்சான் மகள் நிக்காஹ், புயல் எச்சரிக்கை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருந்தேன். ஒருநாள் பதிவேட்டை அவர் முன் விரித்துக் கேட்டேன்.

"பழக்கம் சார்" என்றார். "இன்னிக்கு மறைமலைநகர் ஸ்கூல் கேட்டுல வித்தேன்னு வையுங்க, மறுபடி அந்தப் பக்கம் போவ மாட்டேன். மூணாம் நாளு புள்ளைங்க அட்டப்பொட்டியத் தூக்கினு வந்து நிக்கும். உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும்ல."

அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஜூலை 25, வெள்ளிக்கிழமை, ரேணுகா டீச்சர் போன் செய்தார். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுப்பவர். ஜூலை 16 பேச்சு அவர் வகுப்பில்தான் நடந்தது.

"சார், உங்க ஆளு கோழிக்குஞ்ச எப்படிக் காப்பாத்தறதுன்னு அவ்ளோ அழகா சொல்லிக் குடுத்தாரு. நாலு நாள் கழிச்சு ஆடித் திருவிழாவுல கலர் குஞ்சு வந்துச்சு. என் வகுப்புல இருபத்தி மூணு பேரு வாங்கினாங்க. ஆறுதான் மிச்சம். மத்த பதினேழு பேரும் நாமதான் கொன்னுட்டோம்னு நெனச்சிகினு கீதுங்க. ஒருத்தி ரெண்டு நாளா சாப்பிடல. அவரையே வந்து பதில் சொல்லச் சொல்லுங்க."

உடனே ரஹ்மத்துல்லாவுக்குச் சொன்னேன். மறுமுனையில் நடக்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. "நான் இன்னும் குஞ்சு வித்துகினுதான் கீறனா சார்?" என்றார். பிறகு, மூட்டு வலிக்கிறது என்றார். அதற்குள் அவர் மனைவி சம்சாத் பேகம் போனை வாங்கிவிட்டார்.

"சார், செவ்வாக்கெழம வருவாரு. மூட்டு நல்லாத்தான் கீது, வூட்டச் சுத்தி நடந்து நடந்து எனக்குத் தலைய சுத்துது. ஏங்க, புள்ளைங்களுக்குப் பதில் சொல்லாம இந்த வாசப்படி மிதிக்காதீங்க, ஆமா!"

செவ்வாய் காலை கல்பாக்கத்தில் சந்தித்தோம். இரண்டு டீ குடித்தார்; மூன்றாவதை வாங்கிப் பாதியில் வைத்துவிட்டார். பஸ்ஸில் இடம் இருந்தும் படியருகே நின்றார். ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, "நடக்கலாம் சார், காத்து வருது" என்றார். காற்று இல்லை. பள்ளி கண்ணில் பட்டதும் எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸைப் பார்த்தார்.

"நீங்க மட்டும் போய், அவருக்கு ஒடம்பு சரியில்லன்னு..."

"உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கு பாய்" என்றேன்.

முறைத்தார். ஆனால் நடந்தார்.

வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். ஆறு பேர் மடியில் அட்டைப்பெட்டி. முன்வரிசையில் அஃப்ஷீன் என்ற சிறுமி. சாப்பிடாமல் இருந்தவள் அவள்தான் என்று ரேணுகா கண்ணால் காட்டினார். ரஹ்மத்துல்லா வணக்கம் சொல்வதற்குள் அவள் எழுந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே பொட்டில துணி போட்டேன். பல்பு மாட்டினேன். தண்ணிய காய்ச்சி ஆற வெச்சேன். ராத்திரி கரண்ட் போயிடுச்சு, நான் தூங்கிட்டேன். அதனாலதான செத்துச்சு?"

அவர் ஜன்னல் பக்கம் போனார், திரும்பிக் கரும்பலகை வரை வந்தார். அவர் கை சட்டைப் பையில் எதையோ தேடியது. வாசல் திறந்துதான் இருந்தது. போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"கரண்ட் போனதும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார் கடைசியில். "இல்லன்னு சொன்னா பொய்யாப் பூடும். ஆனா நீ வாங்கும்போதே அது பாதி செத்ததும்மா. பொரிச்ச அன்னிக்கே சேவக்குஞ்சா பாத்து வேணாம்னு ஒதுக்கிடுவாங்க, அது முட்டை வெக்காதுல்ல. அத அள்ளினு வந்து கலர் தண்ணி பக்கெட்டுல முக்குவாங்க. ஈரத்தோட நடுங்கும். தீனி கெடையாது. எவ்ளோ நல்லா பாத்துகினாலும் முக்காவாசி பொழைக்காது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் பின்வரிசையிலிருந்து இனியன் என்ற பையன்.

"நான் முக்கியிருக்கேன். இந்தக் கையாலதான். பத்தொம்பது வருஷம் ஸ்கூல் வாசல்ல வித்தேன்."

ரேணுகா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

"எங்க ஸ்கூல்லயுமா?"

"இங்கயும்தான்."

"செத்துப்பூடும்னு தெரிஞ்சுமா வித்தீங்க?"

"தெரியும்."

"நல்லா ஏமாத்திகீறீங்க தாத்தா!" என்றான் இனியன். ரேணுகா அதட்ட எழுந்தார். "வுடுங்க டீச்சர், சரியாத்தான கேக்குது" என்றார் ரஹ்மத்துல்லா. "அன்னிக்கு வந்தப்பவே சொல்லியிருக்கணும். காசு குடுத்து வாங்காதீங்கன்னு சொல்லாம, எப்பிடி வளக்கறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போனேன். தப்பு என்னுது. உங்க பதினேழு பேருதும் இல்ல."

அழுதது இரண்டு பேர். ஒருவன், தன் குஞ்சைப் பூனை தூக்கிப்போனதாகவும் அதில் பூனையின் தப்பு எவ்வளவு என்றும் கேட்டான். வகுப்பு சிரித்தது. அஃப்ஷீன் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தாள், டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள், பிறகு திறந்தாள்.

அதன்பின் ஆறு பெட்டிகளும் முன்னால் வந்தன. ரஹ்மத்துல்லா தரையில் உட்கார்ந்தார். ஒன்றுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தது. பெட்டியில் போட்டிருந்த செய்தித்தாள் வழுக்கியதால் வந்த கோளாறு அது. பிளாஸ்திரியைக் கிழித்து இரு கால்களையும் சின்ன இடைவெளி விட்டு இணைத்துக் கட்டினார். இன்னொன்றின் ஆசனவாயில் காய்ந்து ஒட்டியிருந்ததை வெந்நீரில் பஞ்சு நனைத்து எடுத்தார். மணி அடித்தது, எங்கள் பஸ் போயிற்று. ஐம்பத்தைந்து நிமிடம் அவர் எழுந்திருக்கவில்லை.

"இது எத்தினி நாள் உசுரோட இருக்கும்?" என்றான் இனியன்.

"தெரியாது."

"மறுபடி எப்ப வருவீங்க?"

ரஹ்மத்துல்லாவின் பார்வை வாசலுக்குப் போய்த் திரும்பியது. "வெள்ளிக்கெழம. ஜும்மா தொழுகைக்கு முன்னாடி."

"சும்மா சொல்றாரு" என்றான் இனியன் பக்கத்துப் பையனிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

வெள்ளிக்கிழமை நான் கூடப் போகவில்லை. நடந்ததைப் பதினோரு மணிக்கு ரேணுகா போனில் சொன்னார். எட்டு மணிக்கே வந்துவிட்டாராம். கேட் திறக்காததால் சுவரோரமாக அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தாராம். பிள்ளைகள் வந்து ஐந்து பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். அவர் ஐந்தையும் பார்த்து முடித்துவிட்டு, ஆறாவது எங்கே என்று தானாகவே கேட்டாராம்.